ஆராய்ச்சி மானியம்: கருவி வருகிறது, ஆள் எங்கே?

2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை 1 லட்சம் கோடி ரூபாய்க்கு ஓர் ஆராய்ச்சி நிதித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நவம்பரில் பிரதமர் அதைத் தொடங்கியும் வைத்தார். செய்தியைப் பார்த்த பலர், இனி பல்கலைக்கழக ஆய்வகங்களில் பணம் கொட்டும் என்று நினைத்தார்கள். இன்னொரு பக்கம், ஆராய்ச்சி மாணவர்கள் பல மாதமாக உதவித்தொகை வரவில்லை என்று சமூக ஊடகங்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டுமே உண்மை எனில், நடுவில் என்ன நடக்கிறது?

முதலில் அந்த 1 லட்சம் கோடியை ஒதுக்கி வைத்துவிடலாம். ஆர்டிஐ எனப்படும் அந்தத் திட்டம் (ஆங்கிலத்தில் RDI; தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் சுருக்கமான RTI-யும் தமிழில் இப்படியே எழுதப்படுவதால் குழப்பம் இரட்டிப்பு) முக்கியமாகத் தனியார் நிறுவனங்களுக்கானது. குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன், சில இடங்களில் பங்கு முதலீடு என்ற வடிவில் பணம் போகும். அதுவும் ஆய்வக நிலையைத் தாண்டிச் சந்தையை நோக்கி நகரும் தொழில்நுட்பங்களுக்கு. ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை ஒரு நிறமாலைமானி வாங்க இதில் வழியில்லை. அதற்கான பணம் வேறு கதவு வழியாக வருகிறது, வேறு விதிகளோடு.

பணத்தில் எத்தனை வகை

அரசு ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணத்தை நான்காகப் பிரிக்கலாம்.

1. தொகுப்பு மானியம். சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், கட்டடம் ஆகியவற்றுக்காக ஆண்டுதோறும் வருவது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இதைத் தருவது மாநில அரசு.

2. திட்ட நிதி. ஒரு குறிப்பிட்ட ஆய்வுக் கேள்விக்காக, ஓர் ஆசிரியருக்கு, பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு. ‘புராஜெக்ட் கிடைத்திருக்கிறது’ என்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். முதன்மை ஆய்வாளர் வேறு ஊருக்குப் போனால் திட்டமும் பெரும்பாலும் அவரோடு போய்விடும்.

3. திறன் வளர்ப்பு மானியம். இது தனி ஆளுக்கோ தனிக் கேள்விக்கோ அல்ல; துறைக்கு, அல்லது பல்கலைக்கழகத்துக்கே தரப்படுவது. கருவி, கணினி வசதி, பொது ஆய்வகம் எனப் பலரும் பல ஆண்டுகள் பயன்படுத்தும் அடித்தளத்தை உண்டாக்குவது இதன் நோக்கம்.

4. ஆள் நிதி. ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாய்.

இந்தக் கட்டுரையின் விஷயம் மூன்றாவது வகை. ஆனால் மற்ற மூன்றும் இல்லாமல் அது தனியாக வேலை செய்யாது. அறிவிப்புகள் வரும்போது நாம் தவறவிடுவது பெரும்பாலும் இந்தத் தொடர்பைத்தான்.

ஏன் தனியாக ஒரு மானியம் தேவைப்பட்டது

நல்ல ஆய்வுக்குப் போட்டி வைத்துப் பணம் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போட்டியில் ஜெயிக்க முன்தரவு, அதாவது ஏற்கெனவே செய்து பார்த்த சோதனை முடிவுகள் வேண்டும், முன்தரவுக்குக் கருவி வேண்டும், கருவிக்குப் பணம் வேண்டும். ஏற்கெனவே இருப்பவர்களே திரும்பத் திரும்ப வெல்வார்கள். இதில் யாருடைய சதியும் இல்லை. தகுதி பார்த்துக் கொடுத்தாலும் இப்படித்தான் முடியும்.

இந்தியாவில் அப்படித்தான் முடிந்தது. அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (செர்ப் என்றே ஆசிரியர்கள் சொல்வார்கள்) கொடுத்த நிதியில் சுமார் 65 சதவீதம் ஐஐடிகளுக்கும், வெறும் 11 சதவீதம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போனதாக மத்திய அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரே 2023-ல் சொன்னார். அதே நேரம், நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள் என்று நிதி ஆயோக் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மாணவர் ஒரு பக்கம், கருவி இன்னொரு பக்கம்.

பெரிய படத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2020-21 கணக்குப்படி இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. அந்தச் சிறு தொகையிலும் உயர்கல்வித் துறையின் பங்கு 9 சதவீதத்தை எட்டவில்லை. மாநில அரசுகளின் பங்கு 7 சதவீதத்துக்கும் கீழே.

இதுவரை வந்த திட்டங்கள்

2000-ல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை (டிஎஸ்டி) ‘ஃபிஸ்ட்’ திட்டத்தைத் தொடங்கியது. துறையாக விண்ணப்பிக்க வேண்டும், ஐந்தாண்டுக்கு நிதி. கிட்டத்தட்ட 3,000 துறைகளும் முதுகலைக் கல்லூரிகளும் இதுவரை பயன்பெற்றிருக்கின்றன. தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு பழைய கலை அறிவியல் கல்லூரியின் இயற்பியல் துறைக்குள் நுழைந்தால், ‘டிஎஸ்டி-ஃபிஸ்ட் நிதியுதவி’ என்ற பலகை கண்ணில் பட வாய்ப்பு அதிகம். என் கணிப்பில், சத்தமில்லாமல் அதிகம் சாதித்த திட்டம் இதுதான். சிறு தொகை, பரவலான கை.

2009-ல் ‘பர்ஸ்’ வந்தது. இது துறைக்கு அல்ல, பல்கலைக்கழகத்துக்கு. கட்டுரை வெளியீட்டுக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது. அதே காலத்தில் பெண்கள் பல்கலைக்கழகங்களுக்காக ‘க்யூரி’ என்ற திட்டமும் வந்தது. கோவை அவினாசிலிங்கமும் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் அதில் பயன்பெற்றவை.

கல்வி அமைச்சகத்தின் பக்கம் 2013-ல் ‘ரூசா’. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து போடும் பணம். பெரும்பாலான மாநிலங்களுக்கு 60:40 விகிதம். 2018-ல் வந்த அதன் இரண்டாம் கட்டத்தில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் போன்றவை நிதி பெற்றன. அங்கிருந்து வந்த ஆய்வுக் கட்டுரைகளின் நன்றியுரையில் ‘ரூசா 2.0’ என்ற வரி வழக்கமாக இருக்கும். 2023-ல் ரூசா ‘பிஎம்-உஷா’ ஆனது. 35 பல்கலைக்கழகங்களுக்குத் தலா 100 கோடி என்று அறிவித்தார்கள். ஆனால் சேர வேண்டுமானால் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திட வேண்டும். தொடக்கத்தில் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்கள் மறுத்தன. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். மானியம் என்பது வெறும் பணமல்ல, நிபந்தனையும் சேர்ந்தே வரும் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இப்போது வந்திருப்பது: ஏஎன்ஆர்எஃப், ‘பேர்’

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை (ஏஎன்ஆர்எஃப்) சட்டத்தை நிறைவேற்றியது. 2024 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது, செர்ப் அதற்குள் கரைந்தது. பிரதமரே நிர்வாகக் குழுவின் தலைவர். ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்பது அறிவிப்பு.

அந்த 50,000 கோடியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற அரசு சாராத இடங்களிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அரசின் பங்கு 14,000 கோடி. அதிலும் 4,000 கோடி, எப்படியும் செர்ப்புக்குப் போயிருக்க வேண்டிய பணம். ஆக உண்மையில் புதிதாகச் சேர்ந்தது ஐந்தாண்டுக்கு 10,000 கோடி, ஆண்டுக்கு 2,000 கோடி. குறைவில்லை, ஆனால் தலைப்புச் செய்தியில் இருந்த எண் அல்ல.

மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கென்று ஏஎன்ஆர்எஃப் வைத்திருக்கும் முக்கியத் திட்டம் ‘பேர்’ (PAIR). ஒரு முன்னணி நிறுவனம் நடுவில் மையமாக இருக்கும். அதோடு ஏழு வரையிலான கிளை நிறுவனங்கள், அதாவது ஆராய்ச்சியில் இப்போதுதான் எழுந்து வரும் பல்கலைக்கழகங்கள், இணையும். இப்படிச் சேரும் ஒரு வலையத்துக்கு ஐந்தாண்டில் அதிகபட்சம் 100 கோடி. மையத்தின் பங்கு 30, கிளைகளின் பங்கு 70 என்ற விகிதம்.

கணக்குப் போடலாம். 70 கோடியை ஏழாகப் பிரித்தால் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 10 கோடி. ஐந்தாண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 2 கோடி. உயர் திறன் கொண்ட டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்றை வாங்கினால் அந்த 10 கோடி முழுவதும் தீர்ந்துபோகலாம். அதனால்தான் பெரிய கருவியை மையம் வைத்துக்கொண்டு கிளைகள் பகிர்ந்து பயன்படுத்துவது என்ற ஏற்பாடு. யோசனை சரியானதே. ஆனால் மாதிரியை எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போய், முறை வரும்வரை காத்திருந்து, அளந்து திரும்ப ஓர் ஆய்வு மாணவர் வேண்டும், அவரை அனுப்பும் ஆசிரியர் வேண்டும்.

கருவிக்குப் பின்னால் வரும் செலவு

மானிய ஆணையில் இரண்டு தலைப்புகள் இருக்கும்: தொடராச் செலவினம், தொடர் செலவினம். முதலாவது ஒருமுறை வாங்கிப் போடுவது. இரண்டாவது மாதாமாதம், ஆண்டுதோறும் போவது. அரசுகளுக்கு முதலாவது பிடிக்கும். திறப்பு விழா நடத்தலாம், படம் எடுக்கலாம். இரண்டாவதில் படம் எடுக்க எதுவும் இல்லை.

அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவியை, அதாவது வேதியியல் துறையினர் என்எம்ஆர் என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி குறைவு. அதன் உள்ளே இருக்கும் மீகடத்திக் காந்தம் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் காந்தம்) எப்போதும் திரவ ஹீலியத்தில் மூழ்கி இருக்க வேண்டும். ஹீலியம் வேகமாக ஆவியாகாமல் இருக்கச் சுற்றிலும் திரவ நைட்ரஜன். நைட்ரஜனை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும் நிரப்பியாக வேண்டும். கருவியில் யாரும் ஆய்வு செய்யாத கோடை விடுமுறையிலும் இதே கதைதான். ஹீலியத்தை இந்தியா இறக்குமதி செய்கிறது, விலை நம் கையில் இல்லை. நிரப்பத் தவறினால் காந்தம் மீகடத்தும் தன்மையை இழந்து, மீதி ஹீலியமும் ஒரே மூச்சில் கொதித்து வெளியேறும். காந்தத்தை மறுபடி உயிர்ப்பிக்கத் தனிச் செலவு. சில நேரம் உயிர்ப்பிக்கவே முடியாது.

இதற்கு மேல் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஏஎம்சி. கருவி விலையில் 5 சதவீதம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 3 கோடி ரூபாய்க் கருவிக்கு ஆண்டுக்கு 15 லட்சம். தடையில்லா மின்சாரம், குளிரூட்டல், ஒரு நிரந்தரத் தொழில்நுட்பர் எல்லாம் தனி. மானியக் காலம் ஐந்தாண்டு. கருவியின் ஆயுள் 15 ஆண்டுக்கு மேல். ஆறாவது ஆண்டிலிருந்து யார் கொடுப்பார்கள்? யானையைக் கட்டித் தீனி போடும் வேலை பல்கலைக்கழகத்தின் தலையில் விழுகிறது.

உலகில் பிற இடங்களில் இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: மேல்செலவு. திட்ட நிதியோடு சேர்த்து, கட்டடம், மின்சாரம், பராமரிப்பு, கணக்கர் சம்பளம் போன்றவற்றுக்காகக் கூடுதலாக ஒரு சதவீதம் நிறுவனத்துக்குப் போகும். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் இது 50 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. 2025 பிப்ரவரியில் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் இதை ஒரேயடியாக 15 சதவீதமாக்க முயன்றபோது மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் நீதிமன்றத்துக்கு ஓடியதன் காரணம் இதுதான். இந்தியாவில் இது பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான்.

பணம் எங்கெல்லாம் நிற்கிறது

ஒதுக்கிய பணமே முழுதாகப் பயன்படாமல் போவதற்குச் சில காரணங்கள், வரிசையாக:

1. நிதியாண்டு. மார்ச் 31 என்பது ஆய்வகத்துக்குப் பொருளில்லாத தேதி. கருவூலத்துக்கு அதுதான் எல்லாமும். மத்திய அரசின் புதிய கணக்கு முறைகளில், பணம் பல்கலைக்கழக வங்கிக் கணக்கில் தங்காது. செலவு செய்யும்போதுதான் மேலிருந்து விடுவிக்கப்படும், ஆண்டு முடிந்தால் மீதி திரும்பிவிடும். சும்மா கிடக்கும் பணத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஆனால் ஜனவரியில் ஆணை கிடைத்து, டெண்டர் விட்டு, மார்ச்சுக்குள் ஜெர்மனியிலிருந்து கருவியை வரவழைப்பது நடக்கிற காரியமா?

2. பயன்பாட்டுச் சான்றிதழ். அலுவலகங்களில் ‘யூசி’. முதல் தவணைக்கு யூசி போகாமல் அடுத்த தவணை வராது. அதில் பல்கலைக்கழக நிதி அலுவலரும் பதிவாளரும் கையெழுத்திட வேண்டும். தணிக்கை முடிய வேண்டும். அந்த நாற்காலிகள் காலியாகவோ பொறுப்பு அதிகாரிகளின் கையிலோ இருந்தால் எல்லாம் தேங்கும்.

3. கொள்முதல் விதி. அரசுப் பணத்தில் வாங்குவது ஜெம் எனும் மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளத்தின் வழியாக இருக்க வேண்டும். குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். நாற்காலி வாங்க இது நல்ல விதி. ஆய்வகத்துக்கான வேதிப்பொருள் வாங்கினால், தூய்மை குறைந்த ஒன்று வந்து மூன்று மாதச் சோதனை வீணாகும். 2020-ல் 200 கோடிக்குக் கீழ் உலகளாவிய டெண்டர் கூடாது என்று வந்த தடை நிலைமையை இன்னும் இறுக்கியது. 2025 ஜூனில் மத்திய அரசு இதைத் தளர்த்தியது. அறிவியல் கருவிகளுக்கு ஜெம் கட்டாயம் விலகியது, விலைப்புள்ளி கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது, 200 கோடி வரை உலகளாவிய டெண்டருக்குத் துணைவேந்தரோ இயக்குநரோ அனுமதி தரலாம் என்றானது. ஆய்வாளர்கள் பல ஆண்டு கேட்டது. ஆனால் துணைவேந்தர் இருக்க வேண்டுமே!

4. வரி. பொது ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் நீக்கப்பட்டு 18 ஆனது. 1 கோடி ரூபாய்க் கருவிக்கு 13 லட்சம் கூடுதல். ஏற்கெனவே ஒப்புதலான திட்டங்களின் தொகை மட்டும் கூடவில்லை. அப்புறம் மானியத்துக்கே ஜிஎஸ்டி கேட்டு ஐஐடி டெல்லி உள்ளிட்ட நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போய், 2024 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் ஆராய்ச்சி மானியங்களுக்கு விலக்கு அளித்த பிறகுதான் அந்தக் கூத்து ஓய்ந்தது.

தொடக்கத்தில் சொன்ன உதவித்தொகைத் தாமதத்துக்கும் விடை இந்தப் பட்டியலின் முதல் புள்ளியில் பாதியாவது இருக்கிறது. 2024-25-ல் டிஎஸ்டி தரும் இன்ஸ்பயர் ஆய்வு உதவித்தொகை பெறுவோர் மாதக்கணக்கில் காத்திருந்தபோது, திட்டம் ரத்தாகவில்லை, தொகை அறிவிப்பில் அப்படியே இருந்தது. பணம் இறங்கும் குழாய் மட்டும் அடைத்திருந்தது.

ஒரு காலத்தில் கிண்டியில் நடந்தது

மாநிலப் பல்கலைக்கழகத்தில் உலகத்தர அறிவியல் நடக்காது என்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகமே பதில். 1952-ல், முப்பது வயதில், ஜி. என். ராமச்சந்திரன் இங்கே இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். எக்ஸ் கதிர்ப் படிகவியல் ஆய்வகத்தை அமைத்தார். இரண்டே ஆண்டில், 1954-ல், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் முப்புரிச் சுருள் அமைப்பை முன்வைத்தார். 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடு வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இல்லாமல் இன்றும் எந்தப் புரத அமைப்பும் சரிபார்க்கப்படுவதில்லை. அந்தத் துறையைப் பல்கலைக்கழக மானியக் குழு உயர் ஆய்வு மையமாக அங்கீகரித்து நிதி கொடுத்தது.

இதில் மானியம் வந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் ஆள். அவரோடு இளைஞர்கள். துறையை நடத்த அவருக்குச் சுதந்திரம். அங்கீகாரமும் பெரிய நிதியும் பிறகு. அவரை அழைத்துவந்த துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஒருவரே 27 ஆண்டு இருப்பது சரியா என்று கேட்டால் நானும் தயங்குவேன். ஆனால் இன்று இருப்பது அதன் மறுகோடி. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பின், ஆளுநர்–அரசு மோதலில் அந்த இருக்கை நீண்ட காலம் நிரப்பப்படவே இல்லை. 2024 பிப்ரவரியில், 424 கோடி ரூபாய் வரிப் பாக்கி என்று சொல்லி வருமான வரித் துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. இந்த நிலையில் இருக்கும் ஒரு நிறுவனத்திடம் 10 கோடி ரூபாய்க் கருவியைக் கொடுத்தால் அது திறனாக மாறுமா?

அமெரிக்கா 45 ஆண்டு செய்து பார்த்தது

இதே சிக்கலுக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1979-ல் ‘எப்ஸ்கோர்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஆராய்ச்சி நிதியில் மிகக் குறைந்த பங்கு பெறும் மாநிலங்களுக்கு மட்டும் தனி நிதி; இன்றைய எல்லை 0.75 சதவீதம். முதலில் சேர்ந்தவை ஐந்து மாநிலங்கள்: ஆர்கன்சா, மெய்ன், மொன்டானா, தெற்குக் கரோலினா, மேற்கு வர்ஜீனியா. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் ஐந்துமே தகுதிப் பட்டியலில் இருந்தன. திட்டம் தோற்றது என்று உடனே முடிவு கட்ட முடியாது. மற்ற மாநிலங்களும் வளர்வதால், ஓடியும் அதே இடத்தில் இருப்பதாகவே பங்குக் கணக்கு காட்டும். ஆனால் ஐந்தாண்டுத் திட்டத்தில் சமநிலை வந்துவிடும் என்று நம்புபவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம்.

எப்ஸ்கோரிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது இன்னொன்றும் உண்டு. அங்கே மாநில அளவில் ஒரு குழு இருந்து, எந்தத் துறைகளில் வளர வேண்டும் என்று முடிவு செய்து, மாநிலத்தின் பங்கையும் சேர்த்துக் கொண்டுவந்தது. இந்தியாவின் ‘பேர்’ அமைப்பில் மாநில அரசுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. ஏஎன்ஆர்எஃப் ஒரு முனையில், பல்கலைக்கழகம் மறுமுனையில். ஆசிரியரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் மாநிலம். அவர் பயன்படுத்தும் கருவி மத்திய அரசின் பணம். ஓய்வு பெற்ற பேராசிரியரின் இடம் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர் வகுப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும் துறையில் கருவிக்கு யார் பொறுப்பு என்பதை இரண்டு அரசுகளின் ஆணைகளும் சொல்வதில்லை.

‘பேர்’ வலையங்களின் முதல் தொகுதி 2025-ல் தேர்வானது. அவற்றின் ஐந்தாண்டு 2030-ஐ ஒட்டி முடியும். அதற்குள் ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்திலும் உயர்கல்வித் துறையின் மானியக் கோரிக்கை ஐந்து முறை வாக்கெடுப்புக்கு வரும். ஆசிரியர் பணியிடத்துக்கும், தொழில்நுட்பர் பதவிக்கும், ஹீலியத்துக்குமான தொகை அதில் இருக்கிறதா என்பது டெல்லி அறிவிப்புகளில் தெரியாது. மானியக் கோரிக்கையோடு மாநில அரசு வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் தெரியும்.